நான் ஒன்னும் செய்யலையே!

வீட்டில் ஏதாவது உடைந்து கிடந்தால் சின்ன வயதில் நாம் எல்லாரும் முதலில் சொல்வது, "நான் ஒன்னும் செய்யலையே!" என்பதுதான். நான் தொடவில்லை, தள்ளவில்லை, ஆகவே தப்பு என்னுடையது இல்லை. வளர்ந்த பிறகும் இந்த வாதத்தை நாம் விடுவதில்லை. யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை, நான் உண்டு என் படிப்பு உண்டு என்று இருக்கிறேன், இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்கிறோம். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். போன ஆயுத பூஜை வரைக்கும்.

என் வீடு சுங்கை பட்டாணியில் ஒரு தாமானில் இருக்கிறது. நான் ஜொகூரில் இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வீட்டுக்குப் போக ஓர் இரவு முழுக்கப் பஸ்ஸில் உட்கார வேண்டும். அதனால் வருஷத்துக்கு மூன்று, நான்கு தடவைதான் போவேன். போகும்போதெல்லாம் வாசலில் முதலில் கண்ணில் படுவது அப்பாவின் மோட்டார். எங்களுக்குப் பக்கத்து ஊரான குருணில் செய்த மொடெனாஸ் கிரிஸ், முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் வைத்தது. என்னைத் தமிழ்ப்பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டது அந்தக் கப்சாய்தான். அம்மா பாசார் மாலத்துக்குப் போய் வந்ததும் அதன் பின்சீட்டில்தான்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நாள் அப்பா அதை ஓட்டுவதை நிறுத்திவிட்டார். "முட்டி வலிக்குது" என்றார். வேலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போக ஆரம்பித்தார். நான் அப்போது பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பும் மும்முரத்தில் இருந்தேன். வயசாகிறது, வலி இருக்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

ஆனால் ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அந்த மோட்டாருக்கு நாங்கள் குறை வைத்ததில்லை. கழுவி, துடைத்து, விபூதிப் பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, ஹேண்டிலில் மாலை சுற்றி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் காட்டுவோம். பூஜை முடிந்ததும் வண்டியை நகர்த்திப் பழத்தை நசுக்க வேண்டும் அல்லவா? அதை மட்டும் செய்யவில்லை. சாயங்காலம் அம்மா பழத்தை எடுத்துப் போட்டுவிடுவார்.

போன வருஷம் செமஸ்டர் இடைவிடுமுறை ஆயுத பூஜையோடு சேர்ந்து வந்தது. சூடம் காட்டி முடித்ததும், "இந்தத் தடவை பழத்தை நசுக்கிடலாம்" என்று சொல்லி மோட்டாரைத் தள்ளினேன். பின்சக்கரம் தயாராகத்தான் இருந்தது. முன்சக்கரம் அசையவே இல்லை. இன்னும் பலமாகத் தள்ளினேன். முன்டயர் எலுமிச்சம்பழத்தைச் சிமெண்டுத் தரையில் இழுத்துக்கொண்டு வந்ததே தவிர உருளவில்லை. பிரேக் இறுகிப்போயிருந்தது.

கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. இரண்டு வருஷமாக நாங்கள் பொட்டு வைத்துக் கும்பிட்டது, உள்ளே துருப்பிடித்துக்கொண்டிருந்த ஒரு பொருளுக்கு. கும்பிட்டோம், கவனிக்கவில்லை.

பிரேக் ஏன் இறுகுகிறது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டிஸ்க் பிரேக்கில் நாம் ஹேண்டிலில் பிரேக்கை அமுக்கும்போது, அந்த அழுத்தம் எண்ணெய் வழியாகக் கீழே காலிப்பருக்குப் போய், அங்கே இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் பேடைத் தள்ள, பேட் டிஸ்கைப் பிடிக்கிறது. கையை எடுத்தால் பிஸ்டன் பின்வாங்க வேண்டும். அதைப் பின்னால் இழுப்பது ஸ்பிரிங் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இல்லை. பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது அது லேசாக வளைகிறது, விட்டதும் தன் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. அந்தத் திரும்பல்தான் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு பின்னால் இழுக்கிறது. அந்தச் சின்ன இடைவெளிதான் சக்கரத்தைச் சுதந்திரமாகச் சுற்ற விடுகிறது.

சாதாரண பிரேக் எண்ணெய்க்கு ஒரு குணம் உண்டு. காற்றில் இருக்கும் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்ளும். டாட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. 3.7 விழுக்காடு தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. அந்தத் தண்ணீர் கொதிநிலையைக் குறைப்பதோடு நிற்காது. உள்ளே இருக்கும் உலோகத்தையும் அரிக்கும். தினமும் ஓடும் வண்டியில் பிஸ்டன் அசைந்துகொண்டே இருக்கும், டிஸ்கில் படியும் துரு முதல் பிரேக்கிலேயே துடைபட்டுப் போகும். நிற்கும் வண்டியில் இது எதுவும் நடக்காது. வளையம் உட்கார்ந்திருக்கும் பள்ளத்தில் உப்புப் போல ஒரு படிவு ஏறும், ரப்பர் வளைய இடமில்லாமல் போகும், பிஸ்டன் இருந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும்.

இதில் யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். யாரும் வண்டியை இடிக்கவில்லை, உடைக்கவில்லை. மூன்று வருஷம் யாரும் ஒன்றும் செய்யவில்லை. அதுதான் நடந்த தப்பு.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அங்கிள் சுத்தியலோடு வந்துவிட்டார். "ரெண்டு தட்டுத் தட்டினா விட்டுரும். இல்லன்னா ஸ்டார்ட் பண்ணி ஒரே முறுக்கு முறுக்கு" என்றார். அதுவரைக்கும் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா எழுந்து வந்தார். "வேணாம். தட்டினா காலிப்பர் விரிஞ்சிரும். இழுத்து ஓட்டினா பேட் தேய்ஞ்சு சூடாகி, எண்ணெய் கொதிச்சு, அப்புறம் பிரேக்கே இருக்காது" என்றார். நான் வகுப்பில் படித்ததை அவர் கையால் தெரிந்து வைத்திருந்தார். வெப்பத்தில் எண்ணெய் கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழி உண்டாகும். எண்ணெய் அமுங்காது, குமிழி அமுங்கும். அப்போது பிரேக்கை அமுக்கினால் அது சும்மா ஹேண்டில் வரைக்கும் வந்து நிற்கும். நகர விடாமல் இருந்த அதே பிரேக், பிறகு நிற்க விடாமல் செய்துவிடும்.

நான்கு நாள் வேலை பார்த்தோம். முதலில் காலிப்பரில் இருக்கும் பிளீட் ஸ்குருவைத் தளர்த்தினேன். மேலே மாஸ்டர் பம்பில் அடைப்பு இருந்து அழுத்தம் உள்ளேயே மாட்டியிருந்தால், இப்படித் தளர்த்தியதும் சக்கரம் விட்டுவிடும். தேயிலைச் சாயம் மாதிரி கொஞ்சம் எண்ணெய் வந்தது. சக்கரம் விடவில்லை. அப்படியென்றால் பிஸ்டனேதான் ஒட்டியிருக்கிறது. காலிப்பரின் போல்ட்டுகளைக் கழற்றி, இப்படியும் அப்படியுமாக மெல்ல ஆட்டி ஆட்டி டிஸ்கிலிருந்து எடுத்தோம். பிஸ்டனை வெளியே எடுக்க அப்பா ஒரு வழி சொன்னார். "ஹோஸைக் கழற்றாதே. புது எண்ணெய் ஊத்தி, பிரேக்கையே மெதுவா அமுக்கு. அதுவே தள்ளிக்கிட்டு வரும்." அப்படியே செய்தோம். நூறு தடவைக்கு மேல் அமுக்கியிருப்போம். ஒரு தலைமுடி அளவு, இன்னொரு தலைமுடி அளவு என்று நகர்ந்து கடைசியில் துணிக்குள் விழுந்தது. பிஸ்டனின் மேற்பரப்பில் துரு குழிபறித்திருந்தது. தேய்த்துப் பளபளப்பாக்கிப் போடலாமா என்று கேட்டேன். "குழி விழுந்தா விழுந்ததுதான். புதுசு வாங்கு" என்றார் அப்பா. ஸ்பேர்பார்ட் கடையில் தவுக்கே அந்தப் பிஸ்டனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "லாமா தாக் பாக்காய்?" என்று மட்டும் கேட்டார். பார்த்தாலே தெரிகிறது.

மூன்றாம் நாள் புது பிஸ்டன், புது ரப்பர், புது பேட் எல்லாம் போட்டாயிற்று. கடைசியில் காற்று எடுக்க வேண்டும். வசதியான முறையில் செய்தால் அது இரண்டு பேர் வேலை. ஒருவர் மேலே பிரேக்கை அமுக்கிப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் கீழே ஸ்குருவைத் திறந்து மூட வேண்டும். மூடுவதற்கு முன் மேலே இருப்பவர் கையை விட்டால் மறுபடியும் காற்று உள்ளே போய்விடும். ஆகவே பேசிக்கொண்டே செய்ய வேண்டும். "அமுக்குங்க அப்பா." "அமுக்கிட்டேன்." "பிடிங்க... மூடிட்டேன், விடுங்க." நானும் அப்பாவும் சேர்ந்தாற்போல் இவ்வளவு நேரம் பேசியது எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

பாதியில் அப்பா பிரேக்கை அமுக்கியபடியே சொன்னார். "அன்னிக்கும் இப்படித்தான்டா அமுக்கினேன்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வருஷத்துக்கு முன், மழை விட்ட ஒரு சாயங்காலம், வேலை முடிந்து வரும் வழியில், பாடாங் ஓரத்தில் ஒரு சின்னப் பையன் பந்துக்குப் பின்னால் ஓடி வந்திருக்கிறான். அப்பா பிரேக் அடித்திருக்கிறார். ஈரத்தில் சக்கரம் வழுக்கி, மோட்டாரும் அவருமாக விழுந்து, அந்தப் பையனின் காலுக்கு ஒரு முழ தூரத்தில் போய் நின்றிருக்கிறார்கள். பையனுக்கு ஒரு கீறல் கூட இல்லை. அவன் பாட்டி ஓடி வந்து அப்பாவின் முட்டியில் இருந்த ரத்தத்தைத் தன் துண்டால் துடைத்தாராம். அப்பா வீட்டுக்கு வந்து மோட்டாரைக் கழுவி நிறுத்தினார். மறுநாள் எடுக்க முடியவில்லை.

"முட்டி ஆறு வாரத்துல சரியாப் போச்சு. கைதான் வரல. ஒரு முழம் தம்பி, ஒரே ஒரு முழம்."

"ஏன்ப்பா எங்ககிட்ட சொல்லலை?"

"நீங்க யாரும் கேக்கலையே."

குத்திக்காட்டும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. கோபமும் இல்லை. நேரம் என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னார். அதனால்தான் எனக்கு அதிகம் வலித்தது. மூன்று வருஷமாக நான் அவருக்கு ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை. கூடுதல் பணம் கேட்கவில்லை, எதிர்த்துப் பேசவில்லை, பெயரைக் கெடுக்கவில்லை. நல்ல பிள்ளை என்று என்னை நானே நினைத்திருந்தேன். போனில் "சாப்டீங்களா?" "சாப்டேன்." "அம்மாகிட்ட குடுக்கவா?" "குடுங்க." அவ்வளவுதான். நான் ஒன்றும் செய்யவில்லை. அந்த வாக்கியம் முழு உண்மை, முழுக் குற்றமும் அதுவேதான்.

இங்கே நமக்குள் ஒரு கேள்வி எழலாம். சும்மா இருப்பது நம் சமயத்தில் பெரிய விஷயமாயிற்றே? ஞானிகள் அதைத்தானே போற்றுகிறார்கள்? எல்லாவற்றிலும் போய்த் தலையிடுவதும் தப்பில்லையா? நானும் இதை யோசித்தேன். பதிலை அந்தப் பிரேக்கிலேயே கண்டேன். நல்ல நிலையில் இருக்கும் பிரேக்கும், அமுக்காத வரைக்கும், சும்மாதான் இருக்கிறது. இறுகிப்போன பிரேக்கும் சும்மாதான் இருக்கிறது. நின்றபடி பார்த்தால் இரண்டும் ஒன்று. ஒன்று ஒரு நூலளவு விலகி, கூப்பிட்டால் வரத் தயாராக அமைதியாக இருக்கிறது. மற்றொன்று கூப்பிட்டாலும் வராது, விடச் சொன்னாலும் விடாது. ஞானியின் அமைதி முதல் வகை. அதற்குள் விழிப்பு இருக்கிறது. என்னுடையது இரண்டாம் வகை. நான் அதற்கு மரியாதை என்றும், அப்பாவைத் தொந்தரவு செய்யாமல் இருப்பது என்றும் நல்ல பெயர் வைத்திருந்தேன்.

கீதையின் 14ஆம் அத்தியாயம் தமோ குணம் ஒருவனைக் கட்டிப்போடும் வழிகளாகக் கவனமின்மை, சோம்பல், தூக்கம் மூன்றையும் சொல்கிறது. கவனமின்மை அங்கே ஒரு சின்னக் குறையாகச் சொல்லப்படவில்லை, கட்டாகவே சொல்லப்படுகிறது. திருக்குறளிலும் 54ஆம் அதிகாரம் பொச்சாவாமை. பொச்சாப்பு என்றால், எல்லாம் நன்றாக இருக்கிறது என்ற நினைப்பில் கடமையை மறந்துபோவது. அதற்கு முந்தைய அதிகாரம் எது தெரியுமா? சுற்றந்தழால், அதாவது சொந்தங்களைத் தழுவி நடத்துவது. அந்த வரிசையைப் பார்த்தபோது, எனக்காகவே பக்கத்தில் பக்கத்தில் வைத்தது போல இருந்தது.

அதற்காக, செய்யாமல் விட்ட எல்லாவற்றுக்கும் நாமே பொறுப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி நினைத்தால் யாரும் நிம்மதியாகத் தூங்க முடியாது. கிள்ளானில் யாரோ ஒருவர் வீட்டில் நிற்கும் மோட்டாருக்கு நான் பொறுப்பில்லை. ஆனால் என் வாசலில் நிற்பதற்கு நான் பொறுப்பு. தினமும் தாண்டிப் போகிற பொருள், தினமும் பார்க்கிற முகம், போன் புத்தகத்தில் பெயர் இருந்தும் மாதக்கணக்கில் கூப்பிடாத நண்பன். நம் பொறுப்பின் எல்லை அங்கேயிருந்து தொடங்குகிறது.

இன்னொன்று. இறுகிப்போனதை விடுவிக்கச் சுத்தியல் உதவாது. "ஏன் மோட்டார் ஓட்டுறதில்ல, உண்மையைச் சொல்லுங்க" என்று நான் அப்பாவை நேராகப் பிடித்திருந்தால், முட்டி வலி என்றுதான் மறுபடியும் சொல்லியிருப்பார். பக்கத்தில் உட்கார்ந்து, கை அழுக்காகி, நூறு தடவை அமுக்கிய பிறகு, பிஸ்டன் வந்தது போல அந்த வார்த்தையும் வந்தது. குழி விழுந்த இடங்கள் சில இருக்கும். அவற்றைப் பாலிஷ் போட்டு மறைக்க முடியாது. அந்த மூன்று வருஷம் எங்களுக்குத் திரும்பி வராது. அதற்குப் பதிலாகப் புதிதாக ஒன்றைத்தான் போட வேண்டும்.

நான்காம் நாள் முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டேன். சத்தமில்லாமல் சுற்றியது. அப்பா பிரேக்கை அமுக்கினார், நின்றது. விட்டார், மறுபடி சுற்றியது. ரோட் டேக்ஸும் இன்சூரன்ஸும் எப்போதோ முடிந்துவிட்டதால் ஓட்டிப் பார்க்க முடியாது. எஞ்சினை எழுப்பாமல், தாமான் ரோட்டின் கடைசி வீடு வரைக்கும் அப்பா தள்ளிக்கொண்டு போய், திருப்பிக்கொண்டு வந்தார். பத்தடிக்கு ஒரு தடவை பிரேக் பிடித்துப் பார்த்தார். அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நசுக்காமல் விட்ட எலுமிச்சம்பழத்துக்குப் பதிலாக வேறு ஒன்று எடுத்து வந்து சக்கரத்தடியில் வைத்தார். அது நசுங்கியது.

அன்று இரவு அவருடைய பர்ஸில் எதையோ தேடும்போது லைசென்ஸைப் பார்த்தேன். காலாவதியாகவில்லை. இந்த மூன்று வருஷமும் விடாமல் புதுப்பித்து வந்திருக்கிறார். ஓட்டாத மனிதருக்கு லைசென்ஸ் எதற்கு என்று நான் கேட்கவில்லை. இந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரிந்துவிட்டது.

ஜொகூருக்குத் திரும்பி மூன்று வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போன் அடித்தது. அப்பா. அவராக என்னைக் கூப்பிடுவது அபூர்வம். ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துதான் எடுத்தேன்.

"ரோட் டேக்ஸ் எடுத்துட்டேன்" என்றார்.

"ஓட்டினீங்களா அப்பா?"

"கோயில் வரைக்கும். மெதுவாத்தான் போனேன்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நீ சாப்டியா?" என்றார். அந்தத் தடவை நான் "அம்மாகிட்ட குடுங்க" என்று சொல்லவில்லை. அரை மணி நேரம் பேசினோம்.

நண்பர்களே, அடுத்த ஆயுத பூஜைக்கு வண்டிக்குப் பொட்டு வைப்பதற்கு முன் அதைக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள். பிரேக் எண்ணெய் மாற்றி இரண்டு வருஷம் ஆகியிருந்தால் மாற்றிவிடுங்கள், நீண்ட நாள் நின்ற வண்டியென்றால் தெரிந்த போமனிடம் காட்டாமல் ரோட்டில் இறக்காதீர்கள். அது வழியில் குறுக்கே ஓடி வரக்கூடிய ஏதோ ஒரு பிள்ளைக்கு நாம் செய்யும் பூஜை. பிறகு வீட்டுக்குள் போய், நீங்கள் தினமும் தாண்டிப் போகிற ஒருவரின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். நம் கிளைக்கு முன்பு தவறாமல் வந்து, இப்போது வராமல் இருக்கும் அந்தத் தம்பியையோ தங்கையையோ ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள். என்ன கேட்பது என்று தெரியவில்லை என்றால், சாப்பிட்டீர்களா என்றே தொடங்குங்கள். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள்.